அத்தாயி அக்காள் மாளிகைக்குள் போனது

அத்தாயி என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. ஆளைப் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாலேயே பெயர் வந்துவிட்டது. பெரிய குடும்பத்தில் கொடுத்தால் பெண் அடுப்படியிலேயே வெந்து போவாளே என்று என் அம்மாவுக்கு ஒரே கவலை. அதை மறைக்காமல் கேட்டும்விட்டாள். எனக்கு மாமியாராக வரப்போகிற பொன்னாத்தாள் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பதில் சொன்னார்.

“அதுக்கெல்லாம் நீங்க வெசனப்படாதீங்க. எங்கூட்டுல அத்தாயி இருக்கறா.”

வற்றாத கிணறு இருக்கிறது, கறவை எருமை இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டு வந்தவர், அதே மூச்சில்தான் இதையும் சொன்னார். அது யார் என்று அம்மா கேட்டாள். “மூத்த மருமவளுங்க. பையன்தான் காய்ச்சல் வருசத்துல போயிட்டான்” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு ஓடவில்லை. என்னைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள்.

திருச்செங்கோட்டுக்கு மேற்கே இருந்தது என் புருசன் வீட்டுக் காடுகரை. அங்கே நான் வாழப்போன பிறகுதான் ஆளைப் பார்த்தேன். ஒல்லியாக, நெடுநெடுவென்று, வெள்ளைச் சீலையில் இருந்தாள். எனக்கு அக்காள் முறை. வயதிலும் என்னைவிட ஒன்பது பத்து மூப்பு. தை முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அதே வருசம் ஐப்பசியில் வந்த காய்ச்சலில் புருசன் போய்விட்டான். பிறந்த வீடு என்று ஒன்று இல்லாததால் போக இடமில்லை. அவள் அய்யன் அங்கமுத்து, கிழக்கே தம்மம்பட்டிப் பக்கமிருந்து ஒண்டியாகப் பிழைக்க வந்த ஆள். கருமலைக்காட்டு மிட்டாதாரிடம் குடை பிடிக்கிற வேலை பார்த்தாராம். மிட்டாதார் வெளியே கால் வைத்தால் பின்னாலேயே பெரிய குடையைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். அத்தாயி அக்காள் வயிற்றில் இருக்கும்போதே அவர் செத்துப்போனார். அம்மாக்காரியும் அவளுக்கு நினைவு தெரியுமுன்பே போய்விட்டாள். எடுத்து வளர்த்த வெளியூர்க் கிழவி அவரைப் பார்த்ததே இல்லை, அவளும் கல்யாணத்தோடு போய்விட்டாள். அய்யன் முகம் எப்படி இருக்கும் என்று சொல்ல ஒரு பங்காளி கிடையாது, ஒறம்பரை என்று வந்துபோகிற சொந்தம் கிடையாது.

ஆனால் படம் ஒன்று இருந்தது. மிட்டாதார் பட்டத்துக்கு வந்த வருசம் வெள்ளைக்காரன் ஒருவன் பெட்டியோடு வந்து எடுத்த போட்டா. மாளிகைக் கூடத்தில் ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நடுவில் மிட்டாதார், பின்னால் குடை பிடித்துக்கொண்டு அங்கமுத்து. அதைப் பார்த்துவிடவேண்டும் என்பதுதான் அத்தாயி அக்காள் வைத்திருந்த ஒரே ஆசை. வேறு எதற்கும் அவள் வாய் திறந்து கேட்டு நான் கண்டதில்லை.

அந்த மாளிகையை எல்லாரும் பார்க்க முடியாது. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், பூப்பறிக்கிற நோம்பி அன்றைக்கு மட்டும், பொம்பளைகளுக்காகத் திறந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்துப் பெண்டுகளுக்கு வருசத்தில் அந்த ஒரு நாள்தான் வெளியே போகிற நாள். காட்டில் ஆவாரம்பூப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டு, வண்டி கட்டிக் கருமலைக்காடு போவோம். முதலில் மாளிகை. அப்புறம் பின்கட்டுப் பந்தலில் பகல் கூத்து. மிட்டாதாரம்மாள் தன் செலவில் கூத்தாடிகளைக் கூட்டிவந்து வைப்பார். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடவேண்டும்.

நல்ல நாள் என்றுதான் பேர். எனக்கு நினைத்தால் கால்தான் வலிக்கிறது. முதல்நாளே இடித்து, சலித்து, கச்சாயம் சுட்டு, புளிச்சோறு கிளறிக் கட்டவேண்டும். விடிந்ததும் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலை வாரி வண்டியில் ஏற்றவேண்டும். ஒன்று மூத்திரம் என்னும், ஒன்று வாந்தி எடுக்கும். அதில் பாதிக்குமேல் செய்கிறவள் அத்தாயி அக்காள். செய்து முடித்து வண்டியில் எங்கள் எல்லாருக்கும் பின்னால், சோற்று மூட்டைக்குப் பக்கத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வருவாள்.

மாளிகைக்கு முன்னால் புளியமரத்தடியில் வண்டியை அவிழ்த்ததும் அவள் காவல். மூட்டைக்கு, செருப்புக்கு, தூங்குகிற பிள்ளைகளுக்கு, எல்லாவற்றுக்கும். வண்டிக்காரச் செங்கோடன் மாடுகளை ஓட்டிக்கொண்டு தண்ணி காட்டப் போய்விடுவான். நோம்பி நாளில் பூக்கூடையோடு வருகிறவர்களுக்கு எதிரே தாலியறுத்தவள் படியேறக் கூடாது. அதை யாரும் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

நானும் உள்ளே போனதில்லை. கூடத்தில் பாடம் பண்ணின புலி ஒன்று நின்றது. வயிற்றில் பிள்ளையிருக்கிறவள் அதன் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தால் பிள்ளை முழி திருகிப் பிறக்கும் என்பார்கள். பால் கொடுக்கிறவள் பார்த்தால் பால் வற்றிப்போகுமாம். எனக்கு ஒன்று வயிற்றில் இல்லையென்றால் ஒன்று மடியில். அதனால் வருசா வருசம் புளியமரத்தடியில் அத்தாயி அக்காளுக்குத் துணையாக நான்.

உள்ளே போனவர்கள் திரும்பி வரும்போது அவள் எழுந்து நிற்பாள். கேட்கமாட்டாள். கேட்காமலேயே அவர்கள் சொல்லவேண்டும் என்று நிற்பாள். முதலில் குஞ்சம்மாள்தான் ஆரம்பிப்பாள். குஞ்சம்மாள் எங்கள் பங்காளி வீட்டு மருமகள், பக்கத்து வீடு, வாய் சும்மா இருக்காது.

“அத்தாயி, உங்கய்யன் மீசைய முறுக்கிட்டு நிக்கற நிப்பைப் பாக்கோணுமே! மிட்டாதாரு வேலைக்காரனாட்டமும், இவரு மிட்டாதாராட்டமும் இருக்கறாரு.”

“மெதுவாப் பேசு புள்ள, காவல்காரன் காதுல உளுந்தா அடுத்த வருசம் உள்ள உடமாட்டான்” என்று மாமியார் அதட்டுவார்.

“மூக்குங்க அத்தை?” என்று அத்தாயி அக்காள் அப்போதுதான் வாயைத் திறப்பாள்.

“உன்ற மூக்குத்தான். வருசா வருசம் அதையே கேளு. மாத்தி வெச்சுட்டா இருப்பாங்க?”

அவ்வளவுதான். அவள் மூட்டையை அவிழ்த்துச் சோறு போட ஆரம்பித்துவிடுவாள். எல்லாரும் கூத்துப் பார்க்கப் போனபிறகு, பந்தலிலிருந்து ஆர்மோனியச் சத்தம் வரும். நாங்கள் இரண்டு பேரும் எச்சில் இலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருப்போம். ஒருமுறை நான் கேட்டேன்.

“அக்கா, நீ ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துரேன். எல்லாரும் கூத்துக்குப் போயிட்டாங்க. நான் பாத்துக்கறேன்.”

“கூடையத் தூக்கிட்டு இன்னமும் எந்த ஊருக்காரியாச்சும் வந்துட்டேதான் இருக்கறா. ஒருத்தி மொகத்துல முளிச்சு, அவ ஊட்டுல நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

“நோம்பி இல்லாத நாள்ல வரலாமில்ல?”

“அன்னைக்கு ஆரு கதவத் தொறப்பா? மிட்டாதாரு என்ன எனக்கு மாமனா மச்சானா?” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு அப்படியே வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். விடிகாலையில் எழுந்த உடம்பு.

சில வருசம் ஆளுக்கொன்று புதிதாகச் சொல்வார்கள். காதில் கடுக்கன் என்றாள் ஒருத்தி. நெற்றி அகலம் என்றாள் இன்னொருத்தி. நல்ல மாநிறம் என்று குஞ்சம்மாள் ஒரு வருசம் சொன்னபோது, போட்டாவில் நிறம் எப்படித் தெரியும் என்று என் வாயில் வந்தது. கேட்கவில்லை. மடியில் இருந்த பிள்ளை அழுதது, அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.

இப்படியே வருசங்கள் போயின. மிட்டாதார் இறந்தார். மிட்டாதாரம்மாள் மகனோடு பட்டணத்துக்குப் போய்விட்டார். பகல் கூத்து நின்றது. அப்புறம் சீமையில் யுத்தம் மூண்டு சண்டைக்காலம் வந்தது. சீமெண்ணெய்க்கு நின்று, அரிசிக்கு நின்று கால் ஓய்ந்துபோன காலம். நோம்பிக்கு வண்டி கட்டுவதையே விட்டுவிட்டோம். மாமியார் ஒரு பக்கம் விழுந்துபோய்க் கட்டிலோடு கிடந்தார். அவரைத் தூக்கி எடுத்துத் துடைக்கிற வேலையும் அத்தாயி அக்காளுக்கே வந்து சேர்ந்தது.

ஒருநாள் சந்தையிலிருந்து வந்த செங்கோடன் வாசலில் நின்று சொன்னான்.

“ஏனுங்க, கருமலைக்காட்டு மாளிகைய நெல்லுக் குடோனுக்கு உடறாங்களாமுங்க. சாமானெல்லாம் மூட்டை கட்டறாங்க. படம், பல்லாக்கு, கண்ணாடி எல்லாம் அடுத்த வாரம் பட்டணத்துக்கு ரயில்ல போவுதாம்.”

அத்தாயி அக்காள் அப்போது உரல் பக்கம் இருந்தாள். மத்தியானம் என்னிடம் வந்து நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

“புள்ள, எனக்கு ஒரு நாளைக்கு வண்டி வேணும்.”

மாமியாரைக் கேட்காமல் எப்படி? கட்டிலண்டை போய்ச் சொன்னேன். வாய் கோணிப்போயிருந்தாலும் மாமியாரின் பேச்சில் பழைய வேகம் இருந்தது.

“வேண்டாம். கூட்டிட்டுப் போவாத. பாழடஞ்ச ஊட்டுல என்ன கெடக்குது? வவ்வாலும் எலியும்.”

“நோம்பி நாளுமில்லீங்க. இனிமேல் பாக்கவே முடியாதுங்க அத்தை.”

“சொன்னாக் கேளு சாமி. வேண்டாம்.”

மாமியார் என்னைச் சாமி என்று கூப்பிடுவது அதிசயம். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருசம் காவலுக்கு உட்கார வைத்தது போதாதா, இன்னமும் என்ன வைராக்கியம் என்று நினைத்தேன். சேதி எப்படித் தெரிந்ததோ, குஞ்சம்மாள் தலையைக்கூட முடியாமல் ஓடி வந்தாள்.

“அத்தாயி, அங்க போயி என்ன பண்ணப்போற? படமெல்லாம் செல்லு அரிச்சுப் போச்சாமா.”

“அரிச்சது போவ மீதி இருக்குமில்ல.”

“இருட்டுக் கட்டு அது. ஒண்ணும் தெரியாது.”

“இத்தன வருசமா உங்களுக்கெல்லாம் தெரிஞ்சுதே.”

குஞ்சம்மாள் அவிழ்ந்த தலையை முடிந்துகொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

எங்கள் வீட்டுக்காரர், “போய்ட்டு வரட்டும் உடு” என்றார். மறுநாள் காலை செங்கோடன் வண்டி கட்டினான். நானும் அவளும் மட்டும். கட்டுச்சோறு இல்லை, பிள்ளை இல்லை. பழக்கத்தில் அவள் பின்னால்தான் ஏறி உட்கார்ந்தாள். முன்னால் வா என்று கூப்பிட்டதற்கு, இங்கேயே காத்து வருகிறது என்றாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். வெயில் ஏறஏற மாடுகள் தளர்ந்தன. நான் தூங்கி வழிந்தேன்.

மாளிகையில் மாதையன் என்ற காவல்காரர் மட்டும் இருந்தார். கிழவர். காது மந்தம். விசயத்தைச் சொன்னோம்.

“அங்கமுத்து மகளா? நான் வேலைக்கு வந்ததே அவரு செத்த பொறவு, அவரோட எடத்துக்குத்தானே அம்மணி. ஆளைப் பாத்ததில்லீங்க” என்று சொல்லிக்கொண்டே பெரிய கதவைத் தோளால் தள்ளித் திறந்தார்.

உள்ளே நெல்லுமணமும் பூச்சி உருண்டை மணமும் கலந்து அடித்தது. கூடம் பாதி காலி. எங்களையெல்லாம் பயமுறுத்திய புலி மூலையில் சாய்ந்து கிடந்தது. வயிறு பிரிந்து வைக்கோல் வெளியே தெரிந்தது. ஒரு கண்ணைக் காணோம். பல்லக்கைச் சாக்குப்போட்டுக் கட்டியிருந்தார்கள். படங்கள் எல்லாம் சுவரிலிருந்து இறங்கி வரிசையாகத் தரையில் நின்றன. “அதானுங்க” என்று மாதையன் கை காட்டினார்.

அத்தாயி அக்காள் படத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நான் அவள் தலைக்குமேலே பார்த்தேன். நடுவில் நாற்காலியில் மிட்டாதார், மார்பில் பதக்கம், மடியில் கத்தி. பின்னால் ஒரு ஆள். முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டின வேட்டி, கால் இரண்டும், குடைக்காம்பைப் பிடித்த கை. மார்புக்குமேலே கறுப்பு.

அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

“அழுக்காட்டம் இருக்குது. வெளிச்சத்துக்குக் கொண்டாரலாமுங்களா?”

கனமான சட்டம். நானும் மாதையனும் செங்கோடனுமாக இழுத்து வாசற்படிக்குக் கொண்டுவந்து வெயிலில் நிறுத்தினோம். வெயிலில் மிட்டாதாரின் மீசை முடி தனித்தனியாகத் தெரிந்தது. நாற்காலிக் காலில் செதுக்கின யாளி தெரிந்தது. பின்னால் நின்ற ஆளின் முகத்தில் மட்டும் குடையின் நிழல் அப்படியே நின்றது. அது அழுக்கு இல்லை. படம் எடுக்கும்போதே விழுந்த நிழல். மூக்கு இல்லை, மீசை இல்லை, கடுக்கன் இல்லை, நெற்றி இல்லை.

மாமியார் என்னைச் சாமி என்று கூப்பிட்டது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

அத்தாயி அக்காள் இன்னொரு தடவை துடைக்கப்போன கையைப் பாதியில் நிறுத்திவிட்டாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதையன் பொறுமை இழந்து, “உள்ள வெச்சறலாமுங்களா, வெயிலு பட்டாக் கெட்டுப்போயிரும்” என்றார்.

“வெச்சறலாமுங்க” என்று எழுந்தாள்.

திரும்பி வரும்போது முன்பக்கம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாதி வழி வந்தபிறகு பேசினாள்.

“மீசை குஞ்சம்மா குடுத்தது. மூக்கு அத்தை குடுத்தது. நெத்தி ஆரு சொன்னா, புள்ள?”

“மறந்துபோச்சுக்கா.”

“நானு இதையெல்லாம் ஒண்ணாச் சேத்து ஒரு ஆள வெச்சிருந்தேன்.” மாடுகளின் காலைப் பார்த்துக்கொண்டே, “கால் மட்டும் ஆரும் சொல்லல. நல்ல பெரிய கால்” என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “அசதியா இருக்குது” என்று சொல்லி என் தோளில் சாய்ந்தாள். வீடு வருகிறவரை அப்படியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கட்டிலில் விழித்துக்கொண்டு கிடந்தார். குஞ்சம்மாள் ஒரு வேலையும் இல்லாமல் அம்மிக்குப் பக்கத்தில் நின்றாள். அத்தாயி அக்காள் காலைக் கழுவிவிட்டு, எப்போதும்போல மாமியாரைப் புரட்டி விரிப்பை மாற்றினாள்.

“பாத்தயா?” என்றார் மாமியார்.

“பாத்தனுங்க.”

“ம்.”

“கால் ரண்டும் நல்லாத் தெரியுதுங்க அத்தை. குடை நல்ல பெரிய குடை.”

மாமியார் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் பார்த்தபடியே, “சோறு உண்டியா?” என்று கேட்டார். “இனிமேத்தானுங்க” என்றாள் அவள். குஞ்சம்மாள் அப்படியே நழுவி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்தநாள் அத்தாயி அக்காள் வெளியே போயிருந்தபோது மாமியார் என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை.

“அந்த மொத வருசம் அவ தாலி அறுத்து மூணு மாசந்தான் ஆச்சு. வண்டிச் சக்கரத்தப் புடிச்சுட்டு நின்னு, எங்கய்யன் எப்பிடி இருக்கறாருன்னு கேட்டா. மூஞ்சியே இல்லைன்னு அந்தப் புள்ளைகிட்ட எப்பிடிச் சொல்றது? மூக்கு உன்னாட்டந்தான்னு வாயில வந்துருச்சு. பொறவு எல்லாரையும் அதையே சொல்லச் சொன்னேன். அந்தக் குஞ்சம்மா கழுதைதான் மீசையெல்லாம் வெச்சு உட்டுட்டா.”

“இத்தன வருசம் படியேற உடாததும் அதுக்குத்தானுங்களா?”

“மொதல்ல சாங்கியத்துக்கு. பொறவு இதுக்கு.” மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். “ரண்டும் ஒண்ணாப் போச்சு.”

அந்த வருசம் ஆடியில் மாமியார் காலமானார். கடைசிவரைக்கும் அத்தாயி அக்காள்தான் பார்த்தாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் மாமியாரின் காரியம் முடிந்து அடுத்த தையில், சண்டை ஓயாவிட்டாலும் நோம்பிக்குப் பழையபடி வண்டி கட்டலாம் என்று குஞ்சம்மாள் கிளப்பினாள். கருமலைக்காடு இல்லையென்றால் சங்ககிரிக் கோட்டை, அதுவும் இல்லையென்றால் சேலத்தில் பகலில் டாக்கி காட்டுகிறார்களாம், புகைவண்டியில் போய்வரலாம் என்றாள்.

“அத்தாயி மூட்டைக்கு இருந்துக்குவா” என்று அவள் வாய்தவறிச் சொல்ல, அத்தாயி அக்காள் அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, “நான் வரல” என்றாள்.

“டிக்கெட்டு எடுத்து உள்ளயே வா. சினிமாக் கொட்டாயில ஆரு உன்னத் தடுக்கப்போறா?”

“வரல புள்ள. போயிப் பாக்கறதுக்கு எனக்கு இனி ஒண்ணுமில்ல. நீங்க பாத்துட்டு வந்து சொல்லாதீங்க, அது போதும்.”

யாரும் வற்புறுத்தவில்லை. சங்ககிரிக்கு நாங்கள் போனோம். மூட்டைக்குக் காவல் இல்லாததால் ஆளுக்கொரு பொட்டணத்தை இடுப்பில் சுமந்துகொண்டு கோட்டைப் படி ஏறினோம். பாதியிலேயே எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. மேலே போகாமல் திரும்பிவிட்டோம். அதற்குப்பிறகு குஞ்சம்மாளும் எங்கேயும் போகலாம் என்று சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்காரரும் அவர் கூடப் பிறந்தவர்களும் பாகம் பிரித்தபோது நிலம், கிணற்றுமுறை, எருமை எல்லாவற்றுக்கும் பேச்சு நடந்தது. அத்தாயி அக்காள் யார் பங்கில் என்று யாரும் கேட்கவில்லை. அவளே துணியை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்துவிட்டாள். என் வீட்டில் எங்கே யார் வண்டி ஏறினாலும், பஸ் ஏறினாலும், அவளை வா என்றும் கூப்பிடமாட்டோம், போய்வந்த கதையையும் அவளுக்கு எதிரில் பேசமாட்டோம். அப்படியே பழகிவிட்டது.

என் இரண்டாவது மகன் ராசு சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வீடு கட்டிக் குடியிருக்கிறான். அத்தாயி அக்காள் இப்போது அங்கேதான் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, காது கேட்கிறது. கீழ் அறையில், சன்னலோரக் கட்டிலில் இருக்கிறாள். எங்காவது போய்வந்தவர்கள் மாடிக்குப் போய்த்தான் கதை பேசுகிறார்கள்.